காட்டை அறிந்தவர்கள்

ஸ்ரீ கெம்பாங்கான் முன்பு செர்டாங் புதுக்கிராமம் என அழைக்கப்பட்டது. ‘செர்டாங்’ என்பது விசிறி போல் விரிந்த ஓலைகளைக் கொண்ட ஒருவகைப் பனை. அடுக்குமாடி வீடுகளும் பேரங்காடிகளும் நெடுஞ்சாலைகளும் நிறைந்த இன்றைய ஊரில் அந்த மரத்தைக் கண்டுபிடிப்பது கடினம். மரம் மறைந்தாலும் பெயர் நிற்கிறது.

ஊருக்கும் பூச்சோங்கிற்கும் இடையில் இன்னும் ஒரு காடு எஞ்சியிருக்கிறது. அதன் பெயர் ஆயர் ஈத்தாம் வனக் காப்பகம். ‘ஆயர் ஈத்தாம்’ என்றால் கருநீர் என்று பொருள். 1906ஆம் ஆண்டில் அது வனக் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பளவு 4,000 ஹெக்டேருக்கும் மேல். மேம்பாட்டுக்காகச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுக்கப்பட்ட பின்னர், இன்று இருப்பது ஏறத்தாழ 1,200 ஹெக்டேர் மட்டுமே. 1996 முதல் மலேசிய புத்ரா பல்கலைக்கழகம் அதனைக் கல்விக்காகவும் ஆய்வுக்காகவும் பராமரித்து வருகிறது.

அந்தக் காட்டின் மூலிகைகளைப் பற்றி 1990களில் ஆய்வு செய்த பல்கலைக்கழகத்தினர் தெமுவான் மக்களின் உதவியை நாடினர். எந்தச் செடியின் வேரைக் காய்ச்ச வேண்டும், எந்த இலையை அரைத்துப் பூச வேண்டும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். அவர்கள் சொன்னதை ஆய்வாளர்கள் அறிவியல் பெயர்களோடு பதிவு செய்தனர்.

மருந்துச் செடியைப் பற்றிக் கேட்பதற்குப் பூர்வக்குடியினரைத் தேடிச் செல்கிறோம். ஆனால், அந்தச் செடி வளரும் காட்டை என்ன செய்வது என்று திட்டமிடும்போது அவர்களைக் கேட்கிறோமா? கிள்ளான் பள்ளத்தாக்கின் அண்மைக்கால வரலாற்றில் இந்தக் கேள்வி பலமுறை எழுந்துள்ளது.

தீபகற்ப மலேசியாவின் பூர்வக்குடியினர் ஓராங் அஸ்லி எனப்படுகின்றனர். அவர்களுள் 18 இனக்குழுக்கள் உள்ளன. சிலாங்கூரில் காடுகளையும் ஆறுகளையும் ஒட்டித் தெமுவான் மக்களும், கடலோரத்திலும் கேரித் தீவிலும் மா மெரி மக்களும் வாழ்கின்றனர். கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அவர்களின் கிராமங்களை அடைந்துவிடலாம். ஆனாலும், நகர மக்களில் பலர் அவர்களை அருங்காட்சியகத்தில் மட்டுமே பார்த்திருப்பர்.

பூர்வக்குடி அறிவு என்றவுடன் மூலிகைப் பட்டியல்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது அதைவிட விரிந்தது. ஓர் இடத்தில் பல தலைமுறைகளாக வாழ்ந்து, மழையையும் வெள்ளத்தையும் விலங்குகளின் நடமாட்டத்தையும் கவனித்து, தவறுகளால் பாடம் கற்று, அந்தப் பாடத்தைக் கதையாகவும் பாட்டாகவும் தடையாகவும் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் செல்வதே அந்த அறிவு. ‘இந்த இடத்தில் மரம் வெட்டக்கூடாது’, ‘இந்தக் காலத்தில் வேட்டைக்குப் போகக்கூடாது’ என்பன போன்ற தடைகளைப் ‘பந்தாங்’ என்பர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் நம்பிக்கையாகத் தோன்றலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கோயில்காட்டில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தது எந்த வகையான அறிவோ, அந்த வகையைச் சேர்ந்ததே இதுவும். தடை சாமியின் பெயரில் இருந்தது. காப்பாற்றப்பட்டது காடும் குளமும்.

இத்தகைய அறிவு உயிர்களைக் காத்ததற்கு அண்டை நாட்டில் ஒரு சான்று உண்டு. சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் சிமலூ என்ற தீவு இருக்கிறது. 1907ஆம் ஆண்டில் அங்கே பேரலை தாக்கிப் பலர் மாண்டனர். அதன் பின்னர் அத்தீவினர் ‘ஸ்மோங்’ என்ற ஒரு சொல்லைக் கதையிலும் தாலாட்டிலும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் பலமாக அதிர்ந்து, கடல் நீர் உள்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காமல் குன்றை நோக்கி ஓட வேண்டும் என்பதே அதன் செய்தி. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, நிலநடுக்கத்தின் மையத்திற்கு மிக அருகில் இருந்த நிலப்பகுதிகளுள் சிமலூவும் ஒன்று. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. வெகு தொலைவில் இருந்த மலேசியாவில் அதே அலைக்கு 68 பேர் பலியாயினர். அன்று இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கைக் கருவிகள் இல்லை. சிமலூ மக்களிடம் ஒரு சொல் இருந்தது.

இனி சிலாங்கூருக்கு வருவோம். ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் தென்மேற்கே, சைபர்ஜெயாவைத் தாண்டி, கோலா லங்காட் வடக்கு வனக் காப்பகம் அமைந்துள்ளது. அது சாதாரணக் காடு அன்று. அது கரிச்சதுப்பு நிலக் காடு. மலாயில் ‘ஹூத்தான் பாயா காம்புட்’ என்பர். அங்கே உதிரும் இலைகளும் கிளைகளும் வேர்களும் நீரில் ஊறிக் கிடப்பதால் முழுமையாக மட்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவை அடுக்கடுக்காகப் படிந்து, பல இடங்களில் சில மீட்டர் ஆழத்திற்கு நிலமாகவே மாறிவிட்டன. அங்குள்ள நீர் கடுந்தேநீரின் நிறத்தில் இருக்கும்.

இந்த நிலம் பஞ்சு போன்றது. மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் மெல்ல வெளியே விடும். மரங்கள் காற்றிலிருந்து எடுத்த கரியும் அதற்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். காற்று பட்டவுடன் மண் மட்கத் தொடங்கும், கரியமில வாயு வெளியேறும், நிலம் தாழும், வறட்சியில் ஒரு தீப்பொறி போதும். கரிச்சதுப்பு நிலத்தில் தீ மேலே மட்டும் எரிவதில்லை. மண்ணுக்குள் இறங்கி நாள்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். கிள்ளான், ஜொஹான் செத்தியா வட்டாரத்தில் அடிக்கடி மூளும் தீயும், அதனால் பள்ளிகள்வரை பரவும் புகைமூட்டமும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

கோலா லங்காட் வடக்கு வனக் காப்பகம் 1927ஆம் ஆண்டில் அரசிதழில் அறிவிக்கப்பட்டபோது 7,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது. 2020ஆம் ஆண்டில் அதில் எஞ்சியிருந்தது ஏறத்தாழ 958 ஹெக்டேர். அவ்வாண்டு பிப்ரவரி மாதத்தில் நாளிதழ்களில் ஓர் அறிவிப்பு வெளிவந்தது. எஞ்சிய காட்டில் ஏறத்தாழ 931 ஹெக்டேரை, அதாவது 97 விழுக்காட்டை, வனக் காப்பகத் தகுதியிலிருந்து நீக்க மாநில அரசு கருதுகிறது என்பதே அதன் சாரம். அந்த நிலத்தில் கலப்பு மேம்பாட்டுத் திட்டம் ஒன்று வரவிருந்தது.

சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, ஒரு வனக் காப்பகத்தின் தகுதியை நீக்குவதற்கு முன்னர் பொது விசாரணை நடத்த வேண்டும். அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் அறிவிப்பே வந்திருக்காது. அறிவிப்பு வந்ததும் 45,000க்கும் மேற்பட்ட ஆட்சேபனைகள் குவிந்தன. சுற்றுச்சூழல் அமைப்புகள், அறிவியலாளர்கள், நகரவாசிகள், இளைஞர்கள் எனப் பலரும் எழுதினர். எனினும், அந்தக் காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாழும் தெமுவான் மக்களின் குரலுக்குத் தனி எடை இருந்தது. மற்றவர்கள் காட்டைப் பற்றிப் பேசினர். தெமுவான் மக்களோ பிரம்பும் மருந்தும் எடுக்கும் இடத்தை, வேட்டைக்கும் மீன்பிடிக்கும் செல்லும் பாதையை, மூதாதையர் வாழ்ந்து மறைந்த மண்ணைப் பற்றிப் பேசினர். அவர்களுள் சிலர் முன்பே கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்காகத் தங்கள் பழைய கிராமங்களை விட்டு நகர்ந்தவர்கள். மீண்டும் ஒருமுறை இழப்பதற்கு அவர்களிடம் அதிகம் மிச்சமில்லை.

இந்த விவாதத்தில் கவனிக்கத்தக்க ஒரு புள்ளி உண்டு. காட்டின் ஒரு பெரும்பகுதி தீயால் பாழடைந்துவிட்டது. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. எனவே அதனைக் காப்பகமாக வைத்திருப்பதில் பயனில்லை என்பது மாநில அரசு முன்வைத்த காரணங்களுள் ஒன்று. தீப்பற்றியது உண்மைதான். ஆனால், அந்தக் காடு ஏன் காய்ந்தது? சுற்றிலும் நீர் வடிக்கப்பட்டதால் காய்ந்தது. நீரை மீண்டும் தேக்கினால் காடு மீளும். சிலாங்கூரின் வடக்கே ராஜா மூசா வனக் காப்பகத்தில் 2008 முதல் கால்வாய்களை அடைத்து, மரக்கன்றுகளை நட்டு, பாழடைந்த கரிச்சதுப்பு நிலம் மீட்கப்பட்டு வருகிறது. அதில் வனத்துறையோடு சுற்றுவட்டார மக்களும் பங்கேற்றுள்ளனர். துணைக்கோளப் படத்தில் ‘பாழடைந்த காடு’ என்று தெரியும் ஒரு திட்டு, அங்கே நாள்தோறும் நடப்பவருக்குத் ‘தளிர்த்துவரும் காடு’ என்று தெரியலாம். இரண்டு பார்வையும் மேசைமீது இருந்தால்தான் முடிவு சரியாக அமையும்.

முடிவு நேர்க்கோட்டில் வரவில்லை. 2020 நவம்பரில் வனக் காப்பகங்களைப் பாதுகாக்கும் தீர்மானத்தைச் சிலாங்கூர் சட்டமன்றம் ஏற்றது. ஆனால், மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், காட்டின் ஏறத்தாழ 537 ஹெக்டேர் ஏற்கனவே தகுதி நீக்கம் செய்யப்பட்டுவிட்டது என்ற செய்தி வெளியானது. மக்கள் கொதித்தெழுந்தனர். 2021 செப்டம்பர் 8ஆம் நாள், அந்த முடிவு இரத்து செய்யப்படுவதாகவும் நிலம் மீண்டும் வனக் காப்பகமாக்கப்படும் என்றும் மந்திரி பெசார் அமிருடின் ஷாரி அறிவித்தார். ஒன்றரை ஆண்டுப் போராட்டம் அவ்வாறு முடிந்தது. திட்டம் வரையப்படும் முன்னரே காட்டோரக் கிராமங்களின் தலைவர்களாகிய பாத்தின்மார்களை அழைத்துப் பேசியிருந்தால், அந்த ஒன்றரை ஆண்டு அனைவருக்கும் மிச்சமாகியிருக்கும்.

காடு அரசுக்குச் சொந்தமானது. அங்கே வாழ்பவரை எதற்காகக் கேட்க வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். இந்த வினாவுக்கு விடை, ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் தெற்கே, புத்ராஜெயாவுக்கு அப்பால் உள்ள டிங்கிலில் கிடைத்தது. 1990களின் நடுப்பகுதியில் விமான நிலையத்துக்கான நெடுஞ்சாலை அமைக்க, அங்குள்ள புக்கிட் தம்போய் கிராமத்தில் தெமுவான் மக்களின் நிலத்தில் ஏறத்தாழ 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டுப் பூர்வக்குடியினர் சட்டத்தின் அடிப்படையில் வீடுகளுக்கும் மரங்களுக்கும் பயிர்களுக்கும் மட்டும் இழப்பீடு கொடுக்கப்பட்டது. நிலத்துக்கு எதுவும் இல்லை. நிலம் அவர்களுடையது அன்று என்பதே அதன் பொருள்.

சாகோங் தாசி என்பவரும் மற்ற அறுவரும் வழக்குத் தொடுத்தனர். எழுத்து வடிவிலான நிலப்பட்டா அவர்களிடம் இல்லை. வாய்வழி வரலாறும் வழக்கமும் அந்த மண்ணிலேயே தொடர்ந்து வாழ்ந்த வாழ்க்கையுமே அவர்களின் சான்றுகள். 2002ஆம் ஆண்டில் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வழக்காற்று முறையில் வாழ்ந்து வரும் நிலத்தின்மீது பூர்வக்குடியினருக்கு உரிமை உண்டு. அதனை எடுத்தால் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி உரிய இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் இடம்பெற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005ஆம் ஆண்டில் அத்தீர்ப்பை உறுதி செய்தது. 2010ஆம் ஆண்டில்தான் வழக்கு இணக்கமாக முடிவுற்றது. இழப்பீட்டுத் தொகையைவிட முக்கியமான ஒன்று இந்த வழக்கில் கிடைத்தது. பாட்டன் பாட்டி சொல்லி வந்த செய்தியும் நீதிமன்றத்தில் சான்றாக நின்றது.

டிங்கில் வட்டாரத்தின் இந்த வலியை மலேசியத் தமிழர்களும் ஓரளவு அறிவர். இன்றைய புத்ராஜெயா, முன்னாளில் பேராங் பெசார் தோட்டம். அங்கும் அருகிலிருந்த தோட்டங்களிலும் தலைமுறைகளாகப் பால்மரம் சீவிய தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தன. எந்த ஓடை எப்போது பெருகும், எந்தச் சரிவில் மண் அரிக்கும் என்று அந்தத் தொழிலாளர்களுக்கும் தெரியும். தோட்டத் தமிழரின் நிலை சட்டத்தின் முன் வேறு. பூர்வக்குடியினரின் நிலை வேறு. இருப்பினும், நிலத்தை அறிந்தவர்கள் நிலத்தைப் பற்றிய பேச்சில் இல்லாமல் போவது இருவருக்கும் பொதுவாக நேர்ந்தது.

மலேசியாவில் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கும் முன்னர் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு செய்ய வேண்டும். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1988 முதல் இது கட்டாயமாக உள்ளது. மிகுந்த பாதிப்பை உண்டாக்கக்கூடிய திட்டங்களின் அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கும் வைக்கப்படும். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, வட்டாரத் திட்டங்களின் வரைவும் கருத்துக்காகக் காட்சிக்கு வைக்கப்படும். இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால், பல நூறு பக்கங்கள் கொண்ட அறிக்கை, மாவட்ட அலுவலகத்தில், அலுவலக நேரத்தில், குறிப்பிட்ட சில நாள்களுக்கு மட்டும் கிடைக்குமானால், காட்டோரக் கிராமத்து முதியவர் அதனைப் படித்துக் கருத்து எழுதுவார் என எதிர்பார்க்க முடியுமா? திறப்பு விழாவில் நடனமாடப் பூர்வக்குடியினரை அழைப்பதில் காட்டும் ஆர்வத்தை, திட்டக் கூட்டத்திற்கு அழைப்பதிலும் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும்.

2007ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு நிறுவனம் பூர்வக்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது மலேசியாவும் ஆதரித்து வாக்களித்தது. பூர்வக்குடியினரைப் பாதிக்கும் திட்டங்களுக்கு அவர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது அதன் முக்கியக் கூறு. அந்த ஒப்புதல் வற்புறுத்தலின்றி, திட்டம் தொடங்கும் முன்னரே, முழு விவரத்தையும் தெரிவித்துப் பெறப்பட வேண்டும். மூலிகை அறிவைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உயிரியல் வளச் சட்டம் ஒரு படி முன்னே சென்றுள்ளது. பூர்வக்குடியினரின் அறிவைப் பயன்படுத்தி ஒருவர் மருந்தோ பொருளோ உருவாக்கினால், அதன் பயனில் அவர்களுக்கும் பங்கு தர வேண்டும். ஆயர் ஈத்தாம் காட்டில் அந்த ஆய்வு நடந்த காலத்தில் இத்தகைய சட்டம் இல்லை.

அறிவைக் கேட்பது ஒரு படி. உலகப் பார்வையை மதிப்பது அடுத்த படி. அது சற்றுக் கடினமானது. திட்டமிடுபவருக்கு ஆறு என்பது நீர்வளம். இத்தனை கன மீட்டர். நியூசிலாந்தின் வாங்கனுயி ஆற்றங்கரையில் வாழும் மாவோரி மக்களுக்கோ அந்த ஆறு அவர்களின் மூதாதை. 2017ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாடாளுமன்றம் அந்தப் பார்வையை ஏற்று, ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக அறிவித்தது. ஆற்றின் சார்பில் பேச இருவர் நியமிக்கப்படுகின்றனர். நிலத்தையும் அதில் வாழும் மக்களையும் மரத்தையும் பறவையையும் தெய்வத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் ‘திணை’ என்று வகுத்த தமிழ் இலக்கியத்தைப் படிப்பவருக்கு இந்தப் பார்வை அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

பூர்வக்குடியினர் சொல்வதெல்லாம் சரி, அறிவியல் சொல்வதெல்லாம் தவறு என்று இதற்குப் பொருளில்லை. பருவநிலை மாறி வருவதால், பழைய கணக்குகள் சில இன்று பொருந்தாமல் போகின்றன. ஒரே கிராமத்திலும் முதியவரின் கருத்து ஒன்றாகவும், வேலைக்காக நகரம் சென்று திரும்பிய இளைஞரின் கருத்து வேறாகவும் இருக்கலாம். சாலையும் மின்சாரமும் வேலைவாய்ப்பும் பூர்வக்குடியினருக்கும் தேவையே. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீருக்காகச் சிலாங்கூர் அணை கட்டப்பட்டபோது, பெர்த்தாக், கெராச்சி ஆகிய தெமுவான் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பதை எவரும் மறுக்க இயலாது. எங்கே, எப்படி, யாருடைய இழப்பில் என்பதுதான் பேச்சுக்கு உரியது.

இந்த அறிவுக்கு இன்னோர் இயல்பு உண்டு. அதனை நூலகத்தில் முழுமையாகச் சேமித்து வைக்க முடியாது. தாத்தாவோடு காட்டில் நடக்கும் பிள்ளைதான் அதனைக் கற்றுக்கொள்கிறது. காடு போய்விட்டால், மொழியில் மரங்களின் பெயர்கள் சிறிது காலம் இருக்கும். பின்னர் அவையும் செர்டாங் பனையைப் போல வெறும் ஊர்ப்பெயராகிவிடும். இதனை உணர்ந்த ஓராங் அஸ்லி சமூகங்கள் சில, இடநிலை காட்டும் கருவிகளைக் கையிலேந்தி, தங்கள் மூதாதையர் நிலத்தின் வரைபடங்களைத் தாங்களே தயாரித்து வருகின்றன. அரசாங்க வரைபடத்தில் ஒரே பச்சை நிறமாகத் தெரியும் இடத்தில், இவர்களின் வரைபடம் கல்லறைகளையும் பழைய குடியிருப்புகளையும் மூதாதையர் நட்ட பழமரங்களையும் ஓடைகளின் பெயர்களையும் காட்டுகிறது.

கேரித் தீவில் ஒரு புதிய துறைமுகம் அமைக்கும் எண்ணம் சில ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அந்தத் தீவின் மா மெரி மக்கள் மர முகமூடிகள் செதுக்குவதில் உலகப் புகழ் பெற்றவர்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தும் ‘நீரே பத்து’ மரம் அலையாத்திக் காட்டில் வளர்வது. இப்போதே அது அரிதாகி வருகிறது. கடலுக்கு நன்றி செலுத்தும் சடங்கையும் அவர்கள் அந்தக் கரையோரத்தில்தான் நடத்துகின்றனர். துறைமுகம் அமையுமானால், கடலின் ஆழமும் கப்பல்களின் எண்ணிக்கையும் அறிக்கையில் இடம்பெறும். எஞ்சியுள்ள நீரே பத்து மரங்கள் எங்கே நிற்கின்றன என்பதைச் சுங்கை பும்போன் கிராமத்துச் சிற்பிகளிடம் கேட்டுத்தான் அந்த அறிக்கையில் எழுத முடியும்.